வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது எப்படி? எல்லோரும் கேட்கிற சந்தேகங்களும் பதில்களும்

மன்னார்குடி பக்கம் வண்டி வயரிங் வேலை செய்கிறேன். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கிற பேச்சு வந்தாலே, கோடை முழுக்கக் கொட்டகையில் நின்ற டிராக்டர்கள் குறுவைச் சேற்றுக்குக் கிளம்பும். அதில் பாதி வண்டி ஸ்டார்ட் ஆகாது. இப்போது நிறைய வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது. பிள்ளைகள் அதை வைத்துப் பார்த்துவிட்டு போனில் சந்தேகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். டிராக்டர், குட்டி யானை, கார், பைக் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அண்ணே, 300 ரூபாய் மஞ்சள் மீட்டர் போதுமா, பெரிய மீட்டர்தான் வாங்கணுமா?

12 வோல்ட் வண்டியில் வோல்ட் பார்ப்பதற்கு அந்த மஞ்சள் மீட்டரே போதும். ஆனால் அதன் ஒயர் மெல்லிசு, முனை சீக்கிரம் ஆடும். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் பீப் சத்தம் சில மாடலில் வராது. 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் உள்ளே ஃபியூஸும் இருக்காது. 'அன்ஃபியூஸ்டு' என்று முகப்பிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஆம்பியர் அளக்கும் எல்லாத் துளைக்கும் ஃபியூஸ் உள்ளதாக, பீப் உள்ளதாக வாங்குங்கள்.

எந்த மீட்டரானாலும் எடுத்தவுடன் ஒயரை விரலால் நீவிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அந்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் அளவு தப்பாகக் காட்டும். திரையில் சின்ன பேட்டரி படம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு காட்டுகிற எந்த அளவையும் நம்ப வேண்டாம்.

மூணு ஓட்டை இருக்கே, செவப்பு ஒயர எதுல சொருகணும்?

கறுப்பு ஒயர் எப்போதும் 'காம்' என்று எழுதிய துளையில். அதை மாற்றவே வேண்டியதில்லை. சிவப்பு ஒயர் வோல்ட், ஓம் (தடையின் அளவு) குறி போட்ட துளையில். மூன்றாவதாகத் தனியே இருக்கும் 10 ஆம்பியர் துளை கரண்டின் அளவு பார்க்க மட்டும். வண்டியில் நீங்கள் செய்யப்போகிற சோதனைகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்தத் துளை தேவையே இல்லை.

என்னிடம் வருகிற எரிந்த மீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட் பார்க்கப் போயிருப்பார்கள். அதனால் வண்டியில் முனையை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டயலைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

டயல்ல இவ்ளோ நம்பர் இருக்கு, வண்டிக்கு எதுல வைக்கிறது?

ஆங்கில 'வி' எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் போட்டிருக்கிற பகுதிதான் டிசி வோல்ட். அதில் 20 என்ற இடத்தில் வையுங்கள். பஸ், லாரி மாதிரி இரண்டு பேட்டரி சேர்த்த 24 வோல்ட் வண்டி என்றால் 200. அலைபோல் நெளிந்த கோடு போட்டது ஏசி, வீட்டுக் கரண்டு வகை. பேட்டரியை அதில் வைத்துப் பார்த்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

முனைகளை மாற்றி வைத்துவிட்டால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வரும், அவ்வளவுதான். டிஜிட்டல் மீட்டருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வேலை தொடங்கும் முன் ஒரு நல்ல பேட்டரியில் வைத்து 12 சொச்சம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் செத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். அதை நம்பி 'லைன்ல கரண்டு இல்ல' என்று கைவைக்கக் கூடாது.

பன்னெண்டு வோல்ட்டுதானே, ஷாக்கா அடிச்சிடப்போவுது?

ஷாக் அடிக்காது. ஆனால் சுட்டுவிடும். வண்டியின் பாடி பேட்டரி மைனஸோடு இணைந்தது. ஒரு டிராக்டர் பேட்டரியின் பிளஸ்ஸையும் பாடியையும் ஒரு ஸ்பேனர் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும். அதே இடத்தில் மோதிரமோ செப்புக் காப்போ வாட்சின் இரும்புப் பட்டையோ மாட்டினால் விரலோடு, மணிக்கட்டோடு போகும். எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வேலைக்கு வாருங்கள்.

இன்னொன்று, சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும், பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். பேட்டரி கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டுவது இதற்காகத்தான். பிளஸ்ஸை அவிழ்க்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது. கண்ணில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீரை விட்டு விடாமல் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டிய சோதனை என்றால் தோளில் துண்டு கூடாது, வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். ஃபேனும் பெல்ட்டும் துண்டை இழுத்தால் ஆளையும் சேர்த்துத்தான் இழுக்கும்.

பேட்டரி நல்லாருக்கான்னு எப்படிப் பாக்குறது?

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், ராத்திரி முழுக்க நின்றிருந்தால் இன்னும் நல்லது. உடனே பார்க்க வேண்டுமென்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இப்போதுதான் ஏறிய சார்ஜ் மேலாக நின்று, உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போய் அப்படியே நாள்கணக்கில் நின்றால் உள்ளே தகடு கெட்டுவிடும்.

சிவப்பை பிளஸ்ஸில் வைத்துவிட்டு, கறுப்பு முனையால் பேட்டரியின் மேல்மூடி பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயே சில வோல்ட் காட்டினால் மேலே ஆசிட்டும் சேறும் ஈரமாகப் படிந்து கரண்டு தானாகக் கசிகிறது என்று அர்த்தம். சோடா உப்புக் கரைசலால் துடைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூடி இறுகி இருக்கட்டும், கரைசல் உள்ளே போகக் கூடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றால் டெர்மினலில் பச்சை பூப்பதும் சகஜம், அதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பேட்டரில 12.6 காட்டுது. சாவி திருப்புனா செல்ஃப் டக்குன்னு சத்தம் மட்டும் வருது. புது பேட்டரி வாங்கிடலாமா?

வாங்காதீர்கள். முதலில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டீசல் வண்டியில் இன்ஜின் பிடித்துவிடாமல் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் பேட்டரியின் மேலேயே இருக்கட்டும். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 9.6-க்குக் கீழே சடாரென்று விழுந்தால் முதலில் முழு சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

போன குறுவைக்கு முன்னால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் இதே கதையோடு வந்தது. புது பேட்டரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 11.4 இருந்தது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.6. நடுவில் 2.8 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள். கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தலையிலும் சிவப்பு முனையை இன்ஜின் பாடியில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 2.5 வோல்ட் காட்டியது. அங்கே 0.2-க்கு மேல் வரக் கூடாது. பேட்டரி மைனஸிலிருந்து வரும் எர்த் ஒயர் சேசிஸில் மாட்டிய போல்ட்டுக்கு அடியில் மூன்று வருடச் சேறும் துருவும். கழற்றி, பளபளவென்று தேய்த்து மாட்டியதும் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அட்வான்ஸையும் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

இதற்கு வோல்ட்டேஜ் டிராப் சோதனை என்று பெயர். நீங்கள் ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதென்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, கரண்டு ஓடும்போது பார்க்க வேண்டும். நல்ல ஒயரில் கிட்டத்தட்ட பூஜ்யம். செல்ஃபின் பிளஸ் கேபிள் முழுக்கவும் சேர்த்து 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பேட்டரியில் முனையை வைக்கும்போது கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், ஈயத் தலையின் மேலேயே வையுங்கள். கோளாறே கிளாம்புக்கும் தலைக்கும் நடுவில் இருக்கலாம்.

வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரக் கழட்டி, டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு பாக்குறாங்களே, சரியா?

செய்யவே கூடாது. பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்று நாம் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் ஒரு நொடிக்குள் வோல்ட் பல மடங்கு எகிறும். டயோடு, ரெகுலேட்டர், மீட்டர் போர்டு, இன்ஜின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். பொறி பறந்தால் மேலே சொன்ன ஹைட்ரஜன் ஆபத்தும் உண்டு.

மீட்டரே போதும். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. நிறுத்தி வைத்திருந்தபோது இருந்த அதே 12.5-ல் நின்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் குறைகிற வண்டியில் இதை முதலில் பாருங்கள். 24 வோல்ட் வண்டிக்கு இதையெல்லாம் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் போயிருக்கான்னு கழட்டாம பாக்க முடியுமா?

முடியும். தட்டை ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும். கறுப்பு பாடியில், சாவி ஆன், அந்தச் சுவிட்சும் ஆன். சிவப்பால் இரண்டு புள்ளியையும் தொடுங்கள். இரண்டிலும் 12 இருந்தால் நல்ல ஃபியூஸ், ஒன்றில் 12 மற்றதில் பூஜ்யம் என்றால் போய்விட்டது, இரண்டிலும் பூஜ்யம் என்றால் அங்கே கரண்டே வரவில்லை. போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். களத்து மேட்டில் வைக்கோல் ஏற்றிய வண்டியில் ஒயர் பற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பீப் சத்தம் நல்லா வருது, ஒயர் அறுந்திருக்கல. ஆனா லைட்டு எரியலயே?

பீப் வைத்துப் பார்க்கும்போது மீட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து மிகச் சின்ன கரண்டை அனுப்புகிறது. பத்து இருபது இழை உள்ள ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதற்குப் போதும், பீப் வரும். 55 வாட் ஹெட்லைட்டுக்கு 5 ஆம்பியர் பக்கம் வேண்டும், அந்த ஒற்றை இழை தாங்காது. நம் பக்கம் இது அதிகம், ஏனென்றால் எலி. அறுவடை முடிந்து வயலில் தீனி இல்லாமல் போனால் கொட்டகைக்கு வரும், நிற்கிற வண்டியின் ஒயரைக் கொறிக்கும். வெளியே ரப்பரில் சின்னக் காயம்தான் தெரியும்.

இதற்கும் வோல்ட்டேஜ் டிராப் சோதனைதான் மருந்து. லைட் சுவிட்சை ஆன் செய்து, பல்பின் கனெக்டர் மாட்டியபடியே இருக்க, பின்பக்கமாக மெல்லிய குண்டூசியைச் செருகி வோல்ட் பாருங்கள். கனெக்டரைக் கழற்றினால் 12 காட்டி, மாட்டினால் 4, 5 என்று விழுந்தால் ஒயர் எங்கோ இற்றுப்போயிருக்கிறது. ஒயரின் நடுவில் ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். அந்தத் துளை வழியாகச் சேற்றுத்தண்ணீர் இறங்கி, அடுத்த சம்பாவுக்குள் உள்ளே செம்பு பச்சையாகிவிடும்.

பீப்போ ஓமோ பார்க்கும்போது அந்த லைனில் கரண்டு இருக்கவே கூடாது. மைனஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அளவும் பொய், மீட்டரும் போகலாம்.

பேட்டரில எத்தன ஆம்ஸ் இருக்குன்னு மீட்டர்ல பாக்க முடியுமாண்ணே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களைவிட, கேட்காமல் செய்து பார்த்தவர்கள்தான் அதிகம். முடியாது. ஆம்பியர் துளையில் சிவப்பைச் செருகும்போது மீட்டருக்குள் இருப்பது வெறும் ஒரு தடித்த கம்பித் துண்டு மாதிரிதான், தடையே கிடையாது. அதைக் கொண்டுபோய் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மைனஸிலும் வைப்பதும் ஸ்பேனரைக் குறுக்கே போடுவதும் ஒன்று. ஃபியூஸ் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாத மஞ்சள் மீட்டரில் முனை ஒட்டிக்கொள்ளும், ஒயர் உருகிக் கையில் ஒழுகும், பொறி பறக்கும்.

பேட்டரி மேல் எழுதியிருக்கும் 75 ஏஎச், 88 ஏஎச் என்பது அது எவ்வளவு நேரம் எவ்வளவு கொடுக்கும் என்ற கொள்ளளவு. கடைக்காரர் வைத்திருக்கும் லோடு டெஸ்டரில்தான் அதன் தெம்பு தெரியும். உங்களுக்குச் செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு விழுகிறது என்று மேலே சொன்ன சோதனையே போதும். செல்ஃப் லைனில் மீட்டரை நடுவில் மாட்டி ஆம்பியர் பார்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். செல்ஃப் நூற்றுக்கணக்கில் இழுக்கும், மீட்டர் பத்துக்குத்தான்.

அப்ப அந்த 10 ஆம்பியர் ஓட்டை எதுக்குத்தான்? வண்டி நின்னாலே ரெண்டு நாள்ல பேட்டரி எறங்கிடுது, அதுக்கு உதவுமா?

அதற்குத்தான். சாவி ஆஃப், எல்லாக் கதவும் மூடி, மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரைக் கொண்டுபோகும் முன்னால் ஒரு 12 வோல்ட் 5 வாட் பல்பை, கழற்றிய ஒயருக்கும் மைனஸ் தலைக்கும் நடுவில் பிடியுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை வைக்காமல் முதலில் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் பல்பு அணைகிறது என்று பாருங்கள். பல்பு எரியாவிட்டால்தான் மீட்டர். சிவப்பை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலையும் 10 ஆம்பியருக்குத் திருப்பி, அதே இரண்டு இடத்துக்கு நடுவில் வையுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டியில் எல்லாம் தூங்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம், அதன் பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். பழைய டிராக்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம். 0.5 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஏஎச், 75 ஏஎச் பேட்டரி மூன்று நாளில் பாதியாகிவிடும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, முன் பதிலில் சொன்ன காரணம்தான். ஃபியூஸ் இல்லாத மீட்டரில் பத்து நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சிலவற்றில் எழுதியே இருக்கும். பார்த்து முடித்தவுடன், மீட்டரைக் கீழே வைப்பதற்கு முன்பே சிவப்பை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

ஆம்பியர் எப்போதும் பூஜ்யமே காட்டுகிறது, வோல்ட் மட்டும் சரியாக வருகிறது என்றால் மீட்டருக்குள் ஃபியூஸ் போயிருக்கும். அதே அளவு, அதே வகை ஃபியூஸ்தான் போட வேண்டும்.

மழைல தண்ணிக்குள்ள நின்ன வண்டிய உடனே மீட்டர் வச்சுப் பாக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் வருகிற கேள்வி. சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் மைனஸைக் கழற்றுங்கள். கனெக்டர்களைப் பிரித்து நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தண்ணீர் என்றால் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு நாளும் செம்பை அரிக்கும். காய்ந்த பிறகு மைனஸை மாட்டும் முன் மேலே சொன்ன பல்பு சோதனையைச் செய்தால் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பே சொல்லிவிடும். ஈரக் கையோடு, ஈர மீட்டரோடு எதையும் தொட வேண்டாம்.

பைக்ல பிளக்குக்கு கரண்டு வருதான்னு மீட்டர் வச்சுப் பாக்கலாமா?

கூடாது. பிளக் ஒயரில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட், மீட்டர் உடனே போகும், உங்களுக்கும் பலமாக அடிக்கும். காயிலுக்குள் வருகிற மெல்லிய ஒயரில்கூட, எலக்ட்ரானிக் பெட்டி மூலம் பொறி வரும் சிடிஐ வண்டிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு இருக்கும். பிளக்குக்கு அதற்கென்று விற்கிற ஸ்பார்க் டெஸ்டர் வாங்குங்கள். மீட்டரால் காயிலின் ஓம் அளவைப் பார்க்கலாம், இன்ஜின் நின்றிருக்கும்போது, கனெக்டர் கழற்றிய பிறகு.

புது கார்ல எந்த ஒயர்ல வேணா வச்சுப் பாக்கலாமா?

மஞ்சள் நிறக் கனெக்டரும் மஞ்சள் உறையும் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சின்ன கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைக்கப் போதுமானதாகிவிடலாம். சென்சார், இன்ஜின் கம்ப்யூட்டர் லைனில் பல்பு டெஸ்டர் வைக்காதீர்கள், அது இழுக்கிற கரண்டு கம்ப்யூட்டருக்கு அதிகம். அங்கே மீட்டரின் வோல்ட் அளவு மட்டும், அதுவும் குண்டூசியைப் பின்பக்கமாகச் செருகி. ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் என்றால் ஹைப்ரிட் அல்லது மின்சாரக் கார், உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் டிசி. அதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே தொட வேண்டும்.

இ-ஸ்கூட்டர் பேட்டரியும் இதே மாதிரிதானே? அப்படியே வயல் மோட்டார்லயும் பேஸ் வருதான்னு பாத்துக்கலாமா?

இ-ஸ்கூட்டர் 48, 60, 72 வோல்ட் என்று வரும். டயல் 200-ல் இருக்க வேண்டும். 60 வோல்ட்டைத் தாண்டிய டிசி உடம்புக்கும் ஆபத்து, வியர்த்த கைக்கு இன்னும் அதிகம். சார்ஜர் வாயில் வோல்ட் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், லித்தியம் பேக்கைத் திறக்காதீர்கள்.

வயல் மோட்டார் வேறு விஷயம். மும்முனையில் இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்ட். மஞ்சள் மீட்டரின் டயலில் 750 ஏசி என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். அது அளக்கக்கூடிய எண் மட்டுமே. லைனில் திடீர் எழுச்சி வந்தால் மீட்டருக்குள்ளேயே தீப்பொறி பிடிக்கும், அந்த மெல்லிய ஒயரும் உறையும் அதைத் தாங்காது. 'கேட் 3, 600 வோல்ட்' என்ற தரம் நம்பகமான மீட்டரில் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அதிலும் சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் மறந்து கிடந்தால், பேட்டரியில் ஒயர் உருகியதோடு முடிந்தது இங்கே முகத்துக்கு நேராக வெடிக்கும். மோட்டார் கொட்டகையில் தரை ஈரம், கால் வெறும் கால். பேஸ் வரவில்லை என்று தோன்றினால் கொட்டகைக்கு வெளியே நின்று ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.